வளைவுக்கு வளைவு ஒரு குரல்

மூன்றாவது வளைவில் பொன்னுத்தாய் நின்றாள். பிளாஸ்க்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மதினி, இந்த வளைவுக்கு நீங்க குடுங்க."

குரல் கொடுக்கச் சொல்கிறாள். முதல் இரண்டு வளைவுகளிலும் அவளே கொடுத்துவிட்டாள். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. ஆயுளில் பாதியை வகுப்பறையில் கத்தியே கழித்தவள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

"சளி புடிச்சிருக்கா?" என்றாள்.

"ஆமா" என்றேன். பொய்.

அவளே கையை வாயருகே குவித்து, "ஓ... ஹோ" என்று நீளமாக விட்டாள். மூன்று மூச்சு நேரம் நின்றோம். பதில் குரல் இல்லை, கிளை ஒடியும் சத்தமும் இல்லை. நடந்தோம்.

பொன்னுத்தாய் என் கணவரின் தங்கை. சாந்தன்பாறைப் பக்கத்து ஏலக்காடுகளில் காய் எடுக்கப் போகிறவள். அன்று வேலைக்குப் போகவில்லை. அவள் அண்ணன் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் விழுந்த இடத்தில் அவருக்குப் பிடித்த சுக்குப் போட்ட, பால் விடாத கட்டன் சாயாவை ஊற்றிவிட்டு வர வேண்டும் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். பிளாஸ்க்கில் சாயா, பையில் ஒரு சீப்புப் பழம், ஊதுபத்தி. எனக்கு அந்தப் பாதையில் கால் வைக்கவே விருப்பமில்லை. ஆனால் அந்த மலையில் எனக்கென்று மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

வழி கேட்ட வாசகர்

சில வாரங்களுக்கு முன்பு இந்தத் தொடரில் எங்கள் வீட்டுக்கு மேற்கே ஏறும் மலைப்பாதையைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். பாதை எங்கே தொடங்குகிறது, குடும்பத்தோடு போகலாமா, எத்தனை மணி நேரம் ஆகும், வழியில் பார்க்க என்னென்ன இருக்கிறது என்றெல்லாம் கேட்டிருக்கிறார். நல்ல கையெழுத்து. திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

பார்க்க என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். முதலில் சின்ன அணை. தோட்டத்துக் கம்பெனி அந்தக் காலத்தில் கட்டியது, இப்போது பாதி சேறு. அதைத் தாண்டினால் வெள்ளைக்காரத் துரை ஒருவரின் கல்லறை. பெயர் பாதி அழிந்துவிட்டது. அதற்கு மேல் புல்மேட்டில் முனியறைகள். நான்கு பலகைக் கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடி, எந்தக் காலத்திலோ யாரோ செத்தவர்களுக்குக் கட்டி வைத்த அறைகள். அங்கிருந்து பாதை இறங்கும்போது ஆனையிறங்கல் அணைத் தண்ணீர் விரிந்து கிடக்கும். ஆனை இறங்கித் தண்ணீர் குடிக்கும் இடம் என்று பெயரே சொல்லிவிடுகிறது. மொத்தம் பதினோரு வளைவுகள்.

எங்கே தொடங்குகிறது என்பதை நான் சொல்லப் போவதில்லை. வாசகர் மன்னிக்க வேண்டும்.

பாறையிலிருந்து பாறைக்கு

நான் பிறந்தது கொழிஞ்சாம்பாறையில். பாலக்காட்டின் கிழக்கு ஓரம், தென்னையும் நிலக்கடலையும் வறட்சியும். படிப்பு முடித்து, தமிழ் வழிப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்தபோது இடம் எதுவென்று பார்த்தால் சாந்தன்பாறை. "ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குப் போறா" என்று எங்கள் ஊரில் கேலி செய்தார்கள்.

பூப்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அங்கிருந்து தோட்டத்துப் பள்ளிக்கு ஜீப். ஓட்டியவர் தங்கராசு. ஒல்லி, காதில் பேனா மாதிரி ஒரு பீடி. மூடுபனியில் முன்னால் பத்தடிகூடத் தெரியவில்லை. முதல் வளைவில் வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "ஓ... ஹோ" என்று போட்டாரே ஒரு சத்தம், நான் மடியிலிருந்த டிபன் பாக்ஸைக் கீழே போட்டுவிட்டேன்.

"ஏனுங்க, ஆராச்சும் விழுந்துட்டாங்களா?"

"இல்ல டீச்சர். ஆள் வருதுன்னு சொல்றேன்."

"ஆருக்கு?"

"அந்தப் பக்கம் யார் நிக்காகளோ அவுகளுக்கு. மனுசன்னா பதில் குடுப்பாக. ஆனைன்னா ஒதுங்கிரும். அதுக்கும் திடீர்னு ஆளப் பாத்தாத்தான் பயம்."

அவ்வளவுதான் சட்டம். வளைவுக்கு வளைவு குரல் கொடுக்க வேண்டும். மூன்று மூச்சு நிற்க வேண்டும். அந்தப் பக்கம் ஆள் இருந்தால் "ஓய்" என்று பதில் கொடுத்தே ஆக வேண்டும். விறகுக்குப் போகிறவர்கள், காய் எடுக்கப் போகிறவர்கள், பால் கொண்டு போகிறவர்கள் எல்லாருக்கும் இது மூச்சு விடுவது போல. எனக்குப் பழக இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குள் டிபன் பாக்ஸை எடுத்துக் கொடுத்த தங்கராசுவையே கட்டிக்கொண்டேன்.

அவர் கடைசி வரைக்கும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். வீட்டில் உப்புக் குறைந்தாலும், "டீச்சர், இது பெயிலு."

அப்பா ஒரே ஒரு முறை எங்களைப் பார்க்க மலைக்கு வந்தார். ஆனையிறங்கல் அணைக்குக் கூட்டிப் போனோம். கரையில் நின்று துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்துக் காத்திருந்தே கிழவரானவர் அவர்.

"ஏங்கண்ணு, இத்தாச்சோட்டுத் தண்ணிய இங்க சும்மா நிறுத்தி வெச்சுருக்கறாங்களே" என்றார். வேறு எதையும் அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. மலை, பூ, மூடுபனி எதுவும் அவர் கண்ணில் படவே இல்லை.

ஏழு வருஷப் பகையும் ஒரு ஓய்யும்

இந்தக் குரல் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

என் கணவருக்கும் அவருடைய சித்தப்பா மகனுக்கும் வேலித் தகராறு. ஏழு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. கல்யாணத்துக்கு அழைப்பில்லை, சாவுக்குப் போகவில்லை. ஒரு நாள் நாங்கள் இருவரும் மலையேறும்போது ஐந்தாவது வளைவில் இவர் குரல் கொடுத்தார். அந்தப் பக்கமிருந்து "ஓய்" என்று பதில் வந்தது. வளைவைத் தாண்டினால் அதே சித்தப்பா மகன். இருவரும் முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டு கடந்து போனார்கள்.

"மூஞ்சியப் பாக்காதவன் பதில் மட்டும் எதுக்குக் குடுத்தான்?" என்று கேட்டேன்.

என்னமோ நான் கேட்கக் கூடாததைக் கேட்டது போலப் பார்த்தார். "அது வேற டீச்சர். வளைவுல பதில் குடுக்காம யாராச்சும் இருப்பாகளா?"

மூன்று நட்சத்திரம்

நான் ஓய்வு பெற்ற கையோடு வீட்டின் பின்னால் இரண்டு அறை கட்டி விருந்தினர்களுக்கு விட்டோம். யோசனை என்னுடையது. சமையல் நான். மலைக்குக் கூட்டிப் போவது அவர். ஜீப் ஓட்டி இடுப்பு போனவருக்கு நடப்பது பிடித்திருந்தது.

அவர் நல்ல வழிகாட்டியா என்றால், நல்ல கதைசொல்லி. துரை கல்லறைக்கு அவரிடம் மூன்று கதைகள் இருந்தன. வயதானவர்கள் வந்தால் துரை மலேரியாவில் செத்தார். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் வந்தால் காதலுக்காகச் செத்தார். வாலிபர்கள் வந்தால் புலி அடித்தது. "எது நெசம்?" என்று ஒரு நாள் கேட்டேன். "தெரியலன்னு சொன்னா அவுகளுக்கு நடந்தது வீணாப் போனாப்ல ஆயிருது டீச்சர்" என்றார்.

ஆனால் கதை சொல்லிக்கொண்டே வருகிறவர் வளைவு வந்தால் நிறுத்திவிடுவார். கையைக் குவிப்பார். "ஓ... ஹோ."

போனில் விருந்தினர்கள் எழுதும் அபிப்பிராயங்களை நான்தான் படிப்பேன். ஒவ்வொரு ராத்திரியும் மார்க் பார்க்கிற பிள்ளை மாதிரி பார்ப்பேன். ஐந்து, ஐந்து, ஐந்து என்று வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் மூன்று. பெங்களூரிலிருந்து வந்து போன ஒரு குடும்பம். சாப்பாடு அருமை, அறை சுத்தம், வழிகாட்டி மட்டும் ஒவ்வொரு திருப்பத்திலும் கத்துகிறார், மலையின் அமைதியே கெட்டுப்போகிறது என்று எழுதியிருந்தார்கள்.

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. இதை நினைத்தால் இப்போது கையைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. மூன்று நட்சத்திரத்துக்காக.

அவர் வாசலில் உட்கார்ந்து காலில் ஒட்டியிருந்த அட்டையை உப்பு வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இனிமே மலையில அந்தக் குரல் குடுக்கறத நிறுத்திப்போடுங்க. வர்றவங்களுக்குப் பிடிக்கறதில்லீங்க. அமைதியா இருக்கோணும்னுதான் அத்தன தூரத்துல இருந்து வர்றாங்க."

அவர் அட்டையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "டீச்சர் சொன்னா சரி. கிளாஸ்ல பேசக் கூடாதுன்னா பேசக் கூடாது."

வகுப்பில் சத்தம் போடாதே, வாயில் விரல் வை என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன். அதே குரலில்தான் இதையும் சொன்னேன்.

அடுத்த வாரமே மறுபடி ஐந்து வந்தது. அவரிடம் காட்டினேன். "பாஸா?" என்று கேட்டார்.

கையை எடுத்துவிட்டார்

அந்தக் காலையில் நான்கு வாலிபர்கள். சென்னையில் வேலை பார்ப்பவர்கள். அவர்களுக்குப் புட்டும் கடலையும் கட்டிக் கொடுத்தேன். மூடுபனி கனமாக இருந்தது. ஒன்பதாவது வளைவு. முனியறைக்கும் அணைத் தண்ணீருக்கும் நடுவில்.

நடந்ததை விவரிக்க என்னால் ஆகாது. வளைவைத் தாண்டியதும் ஆனை நின்றது. இரண்டு கை தூரம். "ஓடுங்க" என்று அவர்களைப் பின்னால் தள்ளிவிட்டார். அவர்கள் ஓடினார்கள். அவர் ஓடவில்லை, அல்லது முடியவில்லை. நான்கு பேரும் பிழைத்தார்கள்.

ஊர் முழுக்க அந்த நான்கு பேரைத்தான் திட்டியது. வீடியோ எடுப்பதற்காக அவர் வாயை அடைத்துவிட்டார்கள் என்று எப்படியோ பேச்சு கிளம்பிவிட்டது. தங்கராசு குரல் கொடுக்காமல் வளைவைத் தாண்டினான் என்றால் வேறு எப்படி யாரால் நம்ப முடியும்? நானும் மறுத்துப் பேசவில்லை.

பதினாறாம் நாள் அந்த நால்வரில் ஒருவர், விக்னேஷ் என்று பெயர், தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு துக்கம் கேட்க வந்தார். பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றார். முகம் வீங்கியிருந்தது.

"ஆன்ட்டி, நாங்க அவர அமைதியா இருங்கன்னு சொல்லவே இல்ல. சத்தியமா. அந்தத் திருப்பத்துல அவர் நின்னாரு. வாய்கிட்ட கைய வச்சாரு. அப்பறம் எங்களத் திரும்பிப் பாத்தாரு. கைய எடுத்துட்டாரு. ஏன்னு எனக்குப் புரியல. தூக்கமே வரல ஆன்ட்டி."

எனக்குப் புரிந்தது. பாத்திரத்தைத் தேய்த்தேன்.

அதற்குள் பொன்னுத்தாய் அவரைப் பார்த்துவிட்டாள். முற்றத்து மண்ணை இரண்டு கையிலும் அள்ளி அவர் மேல் வீசினாள். "எங்கண்ணன் வாயக் கட்டுனவனே, நீ நல்லா இருப்பியா?" என்று கத்தினாள். அவருடைய அப்பா கைகூப்பிக்கொண்டு பின்னாலேயே நடந்து வெளியேறினார். அந்தப் பிள்ளை சட்டையில் இருந்த மண்ணைத் தட்டக்கூட இல்லை.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒரு வார்த்தை போதும். அன்று அதைச் சொல்லாதவள், மறுநாளும் சொல்லவில்லை. ஒரு வருஷம் ஓடிவிட்டது.

பிறகு விக்னேஷ் எனக்கு அன்று காலையில் எடுத்த வீடியோவை அனுப்பியிருந்தார். ஒரு நிமிஷம்கூட இல்லை. வெள்ளையாக மூடுபனி, அதற்குள் அவர் முதுகு, குருவிச் சத்தம். அவ்வளவு அமைதி.

ஒன்பதாவது வளைவு

அன்று நானும் பொன்னுத்தாயும் சின்ன அணையைக் கடந்தோம். கல்லறையைக் கடந்தோம். யாரோ அதன் மேல் சிப்ஸ் பாக்கெட்டுகளைப் போட்டிருந்தார்கள். அவள் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். முனியறையில் சற்று உட்கார்ந்தோம். எட்டு வளைவுக்கும் அவளே குரல் கொடுத்தாள். என் சளியை அவள் நம்பிவிட்டிருந்தாள்.

ஒன்பதாவது வளைவுக்கும் அவளே குரல் கொடுத்தாள். தாண்டியதும் ஒரு பெரிய கல். அதன் அடியில் ஊதுபத்தியைக் கொளுத்திப் பழத்தை வைத்தாள். பிளாஸ்க்கைத் திறந்து சாயாவை மண்ணில் ஊற்றினாள். ஆவி எழுந்தது. சுக்கு வாசம்.

"அண்ணே, சூடா இருக்கு, பாத்துக் குடி" என்றாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"மதினி, ஒண்ணு கேக்கேன். பொள்ளாச்சிப் பக்கம் அம்மன் கோயில் இருக்குல்ல, மொளகா அரைச்சுப் பூசுவாகளே. ஒங்க ஊருக்குக் கிட்டத்தான. வர்ற அமாவாசைக்குப் போவோம். நீங்க அரைக்கணும். தாலி அறுத்தவ கையால அரைச்சாத்தான் அம்மன் காதுல விழுகும். அந்த விக்னேசுப் பய பேரச் சொல்லி அரைங்க. அவன் உடம்பு எரியணும்."

அந்தக் கோயில் எனக்குத் தெரியும். அநியாயம் செய்தவன் பெயரைச் சொல்லி மிளகாயை அரைத்து அம்மன் மேல் பூசுவார்கள். நியாயம் கிடைத்ததும் போய் எண்ணெய் தேய்த்து அம்மனைக் குளிர்விக்க வேண்டும். சிறு வயதில் அம்மாவோடு போய் அந்த அம்மிகளைப் பார்த்திருக்கிறேன். அரைக்கிற பெண்களின் முகத்தைப் பார்க்கப் பயந்து அம்மா சேலைக்குள் ஒளிந்திருக்கிறேன்.

விக்னேஷ் பெயரைச் சொல்லி நான் அரைப்பதா?

"அவன் பேர வேண்டாம் பொன்னு" என்றேன்.

"ஏன், பாவம் பாக்கீகளா?"

"எம் பேரச் சொல்லி அரைக்கோணும்."

அவளுக்குப் புரியவில்லை. சொன்னேன். மூன்று நட்சத்திரத்தைச் சொன்னேன். அட்டையை எடுத்துக்கொண்டே அவர் சிரித்ததைச் சொன்னேன். பதினாறாம் நாள் நான் பாத்திரம் தேய்த்ததையும் கதவுக்குப் பின்னால் நின்றதையும் சொன்னேன். வாயருகே போன கை கீழே இறங்கியதையும் சொன்னேன். சளி இல்லை என்பதையும்தான். ஒரு வருஷமாகத் தொண்டையில் நின்றது எல்லாம் கோர்வையில்லாமல் வந்தது. சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று எங்கேயோ எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. ஒன்றும் குறையவில்லை.

அவள் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயா அதற்குள் இறங்கிக் காய்ந்துவிட்டது. மண்ணை அள்ளி என் மேல் வீசுவாள் என்று காத்திருந்தேன். வீசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எங்கண்ணன் ஒங்க பேச்சத் தட்டுனதே இல்ல" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

பிளாஸ்க்கை மூடினாள். பையை எடுத்துக்கொண்டாள். வந்த வழியே திரும்பி வளைவைச் சுற்றி நடந்துவிட்டாள். அவள் முதுகு மூடுபனிக்குள் போயிற்று.

நான் எழுந்து வளைவின் இந்தப் பக்கம் வந்து நின்றேன். அந்தப் பக்கம் அவள் போய்க்கொண்டிருப்பது தெரியும். ரப்பர் செருப்புச் சத்தம் கேட்டது. கையை வாயருகே குவித்தேன். இந்தத் தடவை குரல் வந்தது.

"ஓ... ஹோ."

கீழே தண்ணீர் வரைக்கும் போய் அது திரும்பி வந்தது. செருப்புச் சத்தம் நின்றது. அவளுக்குக் கேட்டுவிட்டது.

ஒரு மூச்சு. இரண்டு. மூன்று.

பிறகு செருப்புச் சத்தம் மறுபடி கேட்டது. அவள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.